கல்லின் பின்பக்கம்

அந்தக் கறுப்பு கிரானைட்டை நான் விற்றிருக்கக் கூடாது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். விற்ற பிறகுதான் சொன்னார்கள்.

அது என் கணவர் ஸ்ரெதென் தனக்கென்று எடுத்து வைத்திருந்த கல். எங்களுக்குக் கல்லறைக் கல் செய்கிற தொழில். அவர் அறுப்பார், பாலிஷ் போடுவார், கொண்டுபோய் நிறுத்துவார். எழுத்து வெட்டுவதும், ஊசி மெஷினால் இறந்தவரின் முகத்தைக் கல்லில் வரைவதும் என் வேலை. மிலாவா ஆற்றின் இந்தக் கரையில் மூன்று ஊர்க் கல்லறைகளில் இருக்கும் பாதி முகங்கள் என் கையால் வந்தவை. பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு லோடில் ஒரே ஒரு கல் பலகை மட்டும் ஒரு புள்ளி, ஒரு கீறல் இல்லாமல் வந்தது. அவர் அதைத் தனியாகப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தார். யார் விலை கேட்டாலும், "அது என் கட்டில். கட்டிலை யாராவது விப்பாங்களா?" என்பார்.

போன நவம்பரில் லாரியிலிருந்து கல் இறக்கிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்காருகிறேன் என்று தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

புதைத்த அன்று எங்கள் பக்கம் மரச் சிலுவைதான் நடுவோம். மண் அமர வேண்டும். ஒரு வருட நினைவு நாளுக்குள் கல் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அந்த வீட்டைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இருபத்தெட்டு வருடங்களாக எங்களிடம் ஆட்கள் வந்தார்கள்.

அவர் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் மெஷின் அதிர்வில் எப்போதோ மரத்துப் போயிருந்தன. அடுப்பில் சுட்டுக்கொண்டால் வாடை வந்த பிறகுதான் தெரியும். மற்றதும் அப்படியே ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஜூலையில் ஜிவோராத் வந்தான். எங்கள் ஊர்க்காரன், வியன்னாவில் தரை ஓடு பதிக்கும் கம்பெனி வைத்திருக்கிறான். இங்கே மூன்று மாடி வீடு, வாசலில் இரண்டு சிமென்ட் சிங்கம், உள்ளே ஆள் கிடையாது.

"பெர்சிதா அக்கா, அப்பாவுக்கு ஆகஸ்ட் இருபதுல வருஷம் வருது. இன்னும் மரச் சிலுவைதான் நிக்குது. மானம் போகுது."

"இத்தனை நாள் எங்க போயிருந்தே?"

"வேலை அக்கா. அங்க உக்கார நேரமில்ல."

"குவாரியில இருந்து கல் வர ஆறு வாரம் ஆகும். அப்புறம் அறுக்கணும், எழுதணும்."

அவன் சுவரைப் பார்த்தான். "இதோ ஒண்ணு நிக்குதே."

"அது ஸ்ரெதெனோடது."

"அண்ணனுக்கு நவம்பர்லதானே வருது? இதை எனக்குக் குடு. கல்லு நின்னதும் முழுப் பணமும் உன் கையில. நீ புதுசா ஆர்டர் போட்டா அக்டோபருக்குள்ள வந்துடும். எங்கப்பாவுக்குன்னு கேட்டா ஸ்ரெதென் அண்ணன் இல்லைன்னு சொல்லியிருப்பாரா, நீயே சொல்லு."

சொல்லியிருக்க மாட்டார். எங்கள் முதல் அறுப்பு மெஷினுக்கு வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட வேறு யாரும் முன்வராதபோது, ஜிவோராத்தின் அப்பா ஒப்ராத்தான் வயல்வெளிச் சேறோடு வந்து போட்டார். அது இவனுக்கும் தெரியும். அதனால்தான் கேட்டான்.

மூவாயிரத்து இருநூறு யூரோ பேசினோம். எழுநூறு முன்பணம் கொடுத்தான். அதைக் கொடுத்த தைரியத்தில் கட்டளைகள் வந்தன.

"பின்பக்கமும் பாலிஷ் போடு அக்கா."

"பின்பக்கத்தை யாரும் பாக்க மாட்டாங்க. முரடாத்தான் விடுவோம்."

"பாக்கட்டும்கா. பின்னால நிக்கறவனும் பாக்கட்டும்."

"அது இருநூறு. பேசின மூவாயிரத்து இருநூறுலயே அதையும் சேத்துக்கறேன், சரியா?"

"சரி. அப்புறம் கீழ வரி."

கீழ் வரி என்றால் கல்லை யார் நிறுத்தினார்கள் என்பது. எங்கள் பக்கம் அது இல்லாமல் கல் கிடையாது. இறந்தவரின் பெயரைப் படிக்கிறார்களோ இல்லையோ, நிறுத்தியவரின் பெயரைக் குனிந்து படிப்பார்கள்.

"'இக்கல்லை நிறுத்தியவர்கள் மகன் ஜிவோராத், மருமகள் வெரிட்சா.' எழுத்து நல்லா பெரிசா இருக்கணும்."

"நீ சொல்ற அளவுக்குப் பெரிசா வெச்சா உங்கப்பாவுக்கு இடம் இருக்காதுடா."

"இருக்கற இடத்துல வை அக்கா."

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, கிரேன்காரன் லுபிஷா கல்லைக் கொண்டுபோய் நிறுத்தினான். எங்கள் கல்லறையில் எல்லோரும் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருப்பார்கள்; கல் தலைமாட்டில். ஒப்ராத், ஸ்ரெதெனுக்கு நேர் முன் வரிசை. அதனால் ஒப்ராத்தின் தலைமாட்டுக் கல், முதுகைக் காட்டிக்கொண்டு என் கணவரின் காலடியில் வந்து நின்றது.

"பத்து வருஷம் சுவத்துல சாஞ்சிருந்துச்சு. கடைசியில அண்ணன்கிட்டயே வந்துடுச்சு பாத்தியாக்கா" என்றான் லுபிஷா.

நினைவு நாளன்று ஜிவோராத் இரண்டு ஆட்டுக்குட்டியைச் சுட்டு எண்பது பேருக்குச் சாப்பாடு போட்டான். சாப்பாடு முடிந்ததும் நான் பணத்தைக் கேட்டேன். பல் குத்திக்கொண்டே யோசித்தான்.

"அக்கா, கல்லுல போட்ட மூக்கு அப்பா மாதிரி இல்லையே."

"உன் மூக்கு மாதிரி இருக்கா?"

"ஆமா, கொஞ்சம்."

"நீ குடுத்த போட்டோவுல அவர் மூக்கு தெரியல. பிள்ளையைப் பாத்துப் போட்டேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த வாரம் தருகிறேன் என்றான். மறுநாள் காலை சிங்கங்கள் மட்டும் இருந்தன, கார் இல்லை.

செப்டம்பரில் போன் செய்தேன். ஆஸ்திரியாக்காரன் பில் பாஸ் பண்ணவில்லை என்றான். பிறகு வங்கியில் ஏதோ சிக்கல் என்றான். அதற்குப் பிறகு அவன் மனைவி வெரிட்சா எடுக்க ஆரம்பித்தாள்.

"அவர் குளிச்சிட்டிருக்கார் அக்கா."

"முந்தாநாளும் குளிச்சிட்டுத்தானே இருந்தார்?"

"ஓடு வேலை. தூசி ஜாஸ்தி."

பிறகு அந்த எண் அடிப்பதே நின்றுவிட்டது.

டவுனில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "ஒப்பந்தம் ஏதாவது கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. கல்லுல அவன் பேர் இருக்கு."

"அது நீங்க வெட்டினதுதானே?"

ஆமாம் என்றேன். வழக்குப் போட்டால் இரண்டு வருடம் ஆகும் என்றார். பார்த்ததற்கு ஐம்பது யூரோ வாங்கிக்கொண்டார். ரசீது கொடுத்தார்.

குவாரிக்காரர் நல்லவர்தான். ஸ்ரெதென் இருந்தவரை கடனுக்கு அனுப்பியவர். இப்போது, "தப்பா நினைக்காதீங்கம்மா, பணம் வந்ததும் அன்னிக்கே ஏத்திடறேன்" என்றார். தப்பாக நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை. நாட்காட்டியில் ஸ்ரெதெனின் நினைவு நாளிலிருந்து ஆறு வாரம் பின்னோக்கி எண்ணினேன். அந்தத் தேதி போன வாரமே போயிருந்தது.

அக்டோபர் நடுவில் என் நாத்தனார் துஷாங்கா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, ஊர் பூரா கேக்குது. கல்லுக்காரி புருஷனுக்குக் கல் இல்லையாமே?"

"பணம் வரல."

"வராது. அவன் போன வருஷம் கூரை போட்டவனுக்கும் தரல, சிங்கம் செஞ்சவனுக்கும் தரல. நீ ஒருத்திதான் பாக்கி இருந்தே, உன்னையும் சேத்துக்கிட்டான்."

"அது தெரிஞ்சா முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீ எங்க கேட்டே? எல்லாருக்கும் கல் தலைமாட்டுல நிக்கும். எங்கண்ணனுக்குக் கால்மாட்டுல நிக்குது, அதுவும் அடுத்தவன் கல். லுபிஷாவைக் கூப்பிடு. தூக்கிட்டு வரச் சொல்லு. காசு குடுத்துட்டு எடுத்துட்டுப் போகட்டும்."

"செத்தவர் தலைமாட்டுல இருந்தா?"

"செத்தவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ கிரேனைக் கூப்பிடு."

கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை லுபிஷா வந்தான். கூலி வேண்டாம், டீசல் போட்டால் போதும் என்றான். கல்லைச் சுற்றிப் பட்டையைப் போட்டு, கொக்கியை மாட்டி, மெதுவாக இறுக்கினான். நான் பின்பக்கம் நின்று கல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஜிவோராத் கேட்ட பாலிஷ். அதில் ஸ்ரெதெனின் மரச் சிலுவை தெரிந்தது, மழையில் கறுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து. சிலுவைக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு பொம்பளை நின்றாள். அது நான்தான் என்று தெரிய ஒரு கணம் பிடித்தது.

"நிறுத்து" என்றேன்.

"பட்டை இறுகிடுச்சுக்கா. இன்னும் ஒரு நிமிஷம்."

"இறக்கிடு. இந்தக் கல்லை அறுத்த மெஷின் ஒப்ராத் கையெழுத்துல வந்தது."

லுபிஷா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். "அப்ப என்ன பண்ணப்போறே? அவன் தரப்போறதில்ல."

"தெரியும். வண்டியில ஜெனரேட்டர் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"சனிக்கிழமை வரைக்கும் குடு."

அவன் என்னைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், பிறகு சிலுவையைப் பார்த்தான். ஜெனரேட்டரை இறக்கி வைத்தான். போகும்போது ஒரு காலி பீர் பெட்டியையும் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனான், நான் உட்கார.

அந்தப் பின்பக்கத்தில் நான்கு நாள் வேலை. முதல் நாள் அளந்து கோடு போட்டேன். இரண்டாம் நாள் ஸ்ரெதெனின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். பக்கத்தில் என் பெயர், பிறந்த வருடம், ஒரு சிறு கோடு. அதற்குப் பிறகு வெறும் இடம். கணவன் மனைவி என்றால் சேர்த்தே வெட்டிவிடுவதுதான் வழக்கம், செலவு குறையும். மூன்றாம் நாள் முகம். போட்டோ எடுத்துப் போயிருந்தேன், பையிலிருந்து எடுக்கவில்லை. எல்லா முகத்துக்கும் செய்கிற மாதிரி கண்ணிலிருந்து ஆரம்பித்து, காதில் முடித்தேன். இடது காதின் நுனியில் ஒரு வெட்டு உண்டு, கல் சில்லு பட்டது. அதையும் போட்டேன்.

கடைசி நாள் கீழ் வரி. அளவான எழுத்து. 'இக்கல்லை நிறுத்தியவர் மனைவி பெர்சிதா.'

துஷாங்கா வந்து பார்த்தாள். காதிலிருந்த வெட்டை விரலால் தடவினாள்.

"அண்ணி, அவன் வந்து அழிச்சுட்டா?"

"அழிக்க மாட்டான். செத்தவன் பேரை யார் அழிப்பா?"

"காசு தராதவன் எதுவும் செய்வான்."

"அழிக்கறதுக்கும் கூலி குடுக்கணுமே."

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மெஷின் ஊசியைத் துடைத்தேன்.

நவம்பரில் ஆத்துமாக்களின் சனிக்கிழமை வரும். ஊரே கல்லறைக்குச் சாப்பாட்டோடு போகும் நாள். ஸ்ரெதெனின் வருஷ நினைவையும் அன்றைக்கே வைத்துக்கொண்டோம். வெளிநாட்டில் இருப்பவர்களும் வந்துவிடுவார்கள். ஜிவோராத்தும் வந்தான். எங்களுக்கு முன்பே வந்து, அப்பாவின் கல்லறை மேல் வெள்ளை விரிப்புப் போட்டு, பொரித்த கோழி, பன்றி இறைச்சி, ரொட்டி, ரக்கியா என்கிற பழச் சாராயம் எல்லாம் பரப்பியிருந்தான். கல்லின் முன்பக்கம் அவன். பின்பக்கம் நாங்கள் இருபது பேர். நடுவில் கல். அவன் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார். ஸ்ரெதெனின் பெயரைப் பாடும்போதெல்லாம் கல்லை நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். மெழுகுத்திரிகளை அதன் அடியில்தான் நட்டிருந்தோம். பக்கத்து வரிசைக்காரர்களும் தங்கள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கூட்டம் ஏன் கூடுகிறது என்று பார்க்க ஜிவோராத் சுற்றி வந்தான், கையில் கோழிக் காலோடு.

முதலில் முகத்தைப் பார்த்தான். பிறகு எல்லோரையும் போலக் குனிந்து கீழ் வரியைப் படித்தான். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது.

வாயைத் திறப்பதற்குள் துஷாங்கா அவன் முன்னால் தட்டை நீட்டினாள். வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட் பொடியும் பிசைந்தது. இறந்தவர் பேரில் கொடுப்பது. அதை வேண்டாம் என்று சொன்னவரை எங்கள் ஊர் பார்த்ததில்லை. அவன் கோழிக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடது கைக்கு மாற்றினான். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டான்.

"சொல்லு தம்பி" என்றாள் துஷாங்கா.

"கடவுள் அவர் ஆத்துமாவை மன்னிக்கட்டும்" என்றான், கோதுமையை மென்றுகொண்டு.

"உன் புண்ணியம்."

விழுங்கிய பிறகு என்னிடம் வந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். "அக்கா, இது என் கல்லு."

"அப்படியா?"

"எங்கப்பா கல்லுல நீ எப்படி எழுதலாம்? கேஸ் போடுவேன்."

"போடு. வக்கீல் அம்பது யூரோ வாங்குவார். நல்ல மனுஷன்."

பாதிரியார் புத்தகத்தை மூடிக்கொண்டே திரும்பினார். "என்ன ஜிவோராத், என்ன விஷயம்?"

"ஃபாதர், காசு குடுத்து வாங்கின கல்லு. இவங்க பாட்டுக்கு..."

"அப்படின்னா தப்புத்தான். ரசீதைக் கொண்டாப்பா. நானே நின்னு அழிக்கச் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூரை போட்டவன் கூட்டத்தில்தான் நின்றான். சிங்கம் செய்தவனும் நின்றான். ஜிவோராத் கோழிக் காலைப் பார்த்தான். கல்லைச் சுற்றித் திரும்பிப் போய் அப்பாவின் பக்கம் உட்கார்ந்தான்.

நான் மூன்று பாத்திரத்திலும் இருந்த கோதுமையைப் பரிமாறி முடித்தேன். வழித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பொதுவாக மீந்துபோகும்.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும், வெரிட்சா பட்டறைக்கு வந்தாள். வியன்னாவில் ஆபீஸ்களைச் சுத்தம் செய்கிறவள். கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ரெண்டாயிரத்து ஐநூறு. எண்ணிப் பாருங்க. அந்தப் பக்கத்தைத் தேய்ச்சு எடுத்துடுங்க."

"பணத்தை வாங்கிக்கறேன். பேரை எடுக்க மாட்டேன்."

"அப்ப பணம் எதுக்கு?"

"கல்லுக்கு."

அவள் உட்கார்ந்தாள். பிறகு கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சரி அக்கா. நீங்க சொல்றபடியே வரேன். ஒரு கல்லு, ரெண்டு குடும்பம். அப்ப பாதிப் பாதிதானே?"

நான் பேனாவையும் கணக்கு நோட்டையும் எடுத்து மேஜையில் வைத்தேன்.

"மூவாயிரத்து இருநூறுல பின்பக்கப் பாலிஷ் இருநூறு. அந்தப் பக்கம் இப்ப உங்களோடது. அதை நான் ஏன் தரணும்? மிச்சம் மூவாயிரம். பாதி ஆயிரத்து ஐநூறு. எழுநூறு ஏற்கெனவே குடுத்தாச்சு. எண்ணூறு."

அவள் எண்ணூறை எண்ணி வைத்தாள். விரல்கள் சோப்பில் வெந்து உரிந்திருந்தன.

"பெரிய எழுத்துக்குத் தனிக் கூலி" என்றேன். "எழுத்துக்கு ரெண்டு யூரோ. உங்க கீழ் வரி ரெண்டு மடங்கு அளவு. அதனால நாலு."

"அது அவரா கேட்டது."

"பேர் ரெண்டு பேரோடதும் இருக்கு."

வெரிட்சா உதட்டை அசைத்து, விரலை மடக்கி எழுத்துகளை எண்ணினாள். தன் பெயர் வந்ததும் ஒரு முறை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இன்னும் சில நோட்டுகளை வைத்தாள். "முழுவதும் தீர்ந்தது என்று எழுதிக் கொடுங்கள்" என்றாள், ஆபீஸில் பேசுகிற மாதிரி. எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"உங்க பேருக்குப் பக்கத்துல கோடு போட்டு விட்டிருக்கீங்களே. அந்த வருஷத்தை அப்புறம் யார் வெட்டுவாங்க? உங்களுக்குத்தான் பிள்ளைங்க இல்லையே."

அதை நான் யோசித்திருக்கவில்லை.

"தெரியல" என்றேன். "உங்க பக்கம் யாராவது கல்லைத் துடைக்க வருவீங்க இல்ல. அப்ப பாத்து ஒரு ஆளைக் கூப்பிடுங்க. நாலு எண்தான். சின்ன அளவு."

"எட்டு யூரோ."

"எட்டு யூரோ."

அவள் பர்ஸைத் திறந்தாள். பத்து யூரோ நோட்டு ஒன்றை எடுத்து, அதைத் தனியாக மடித்து, உள்ளே வேறொரு அறையில் வைத்து ஜிப்பை மூடினாள். போய்வருகிறேன் என்று தலையசைத்துவிட்டுப் போனாள்.

நான் கோதுமைப் பாத்திரங்களைக் கழுவினேன். தண்ணீர் சுடுகிறது என்று இடது கைக்குத் தெரிந்தது. குவாரிக்குப் போன் செய்து, பணம் தயார், பட்டறைக்கு ஒரு பலகை அனுப்புங்கள் என்று சொன்னேன். கறுப்பா என்று கேட்டார். எது இருக்கிறதோ அது என்றேன்.